அத்தாவின் இரண்டாவது தொப்புள்

எங்கள் அத்தாவுக்கு இரண்டு தொப்புள். ஒன்று பிறந்தபோது வந்தது. இன்னொன்று அதற்குக் கொஞ்சம் மேலே, இடது பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு குழி. பல மாதங்கள் அவர் அதன் வழியாகத்தான் சாப்பிட்டார். இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள், புண்ணும் ஆறிவிட்டது. நலம் விசாரிக்க யார் வந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். அம்மா கையைத் தட்டிவிடுவார். அத்தா நிறுத்துவதாக இல்லை.

வார்டில் பழகிய குடும்பங்கள் இன்னும் எனக்கு போன் செய்கின்றன. குழாய் அடைத்துக்கொண்டது, குழாயைச் சுற்றி ஒழுகுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை ஒரு தடவை முழுதாக எழுதிவிட்டால் அவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா மீன் வியாபாரி. மீமிசல் பக்கம் கரையில் படகு வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, லோடு வண்டியில் அறந்தாங்கிக்கு ஏற்றிவிடுவார். தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்று அவர் முதலில் சொன்னபோது நாங்கள் யாரும் நோயை நினைக்கவில்லை. மீன்காரர் வீட்டில் தொண்டை உறுத்தினால் அது முள்தான். வெறும் சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கினார். வாழைப்பழத்தைத் துண்டு துண்டாக விழுங்கினார். எந்த மீனின் முள் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் அவசரமாகச் சாப்பிட்ட சூடை மீன். மாதக்கணக்கில் அந்தச் சூடையைத் திட்டிக்கொண்டே இருந்தார். காது வலித்தது, அதற்கும் சூடைதான் காரணம். கழுத்தில் ஒரு பக்கம் கட்டி தெரிந்த பிறகுதான் நான் பிடிவாதம் பிடித்துப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். முள் எதுவும் இல்லை என்றார். அத்தா ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லாப் பாருங்க டாக்டர். உள்ள தள்ளி இருக்கும்."

அடிநாக்கில் புண் இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களில் அத்தா யாரும் சொல்லாமலே போயிலையை விட்டார். மடியில் எப்போதும் இருக்கும் அந்தப் பொட்டலத்தை எங்கே போட்டார் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. முடிவு வந்தது. புற்றுநோய்.

அறுவை செய்தால் நாக்கில் பெரும்பகுதி போகும், குரலும் போகலாம் என்றார்கள். அதனால் கதிர்வீச்சும், வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்தும் என்று முடிவானது. கதிர்வீச்சு தஞ்சாவூரில். செலவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது. அது தாங்காததை அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, தாங்கினார். எவ்வளவு என்று யாருக்கும் சொல்லவில்லை. இந்தச் சின்னத்தாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

அதற்குள் அத்தாவால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. முதலில் மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் ஒரு குழாய் போட்டார்கள். அது எப்படிப் போகிறது என்று நான் வகுப்பில் வரைவதுபோல ஒரு தாளில் உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் வரைந்து காட்டினேன். அத்தா அதைப் பார்த்துவிட்டு, "செவுளுக்குப் போற வழி ஒண்ணு, கொடலுக்குப் போற வழி ஒண்ணு. குழா மாறிப் போயி செவுளுக்குப் போச்சுன்னா ஆளு காலி. அம்புட்டுத்தானே?" என்றார். நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்வதை அவர் மீனை வைத்து முடித்துவிட்டார்.

அவர் சொன்னதுபோலவே ஆகப் பார்த்தது. ஒரு நாள் பலமாக இருமியதில் மூக்குக் குழாய் பாதி தூரம் மேலே ஏறிவிட்டது. அதை ஒட்டியிருந்த பிளாஸ்திரி அப்படியே இருந்ததால், குழாய் அதனடியில் நழுவியது எங்களுக்குத் தெரியவில்லை. அதன் வழியாகப் போன பாலில் கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. காய்ச்சல், இருமல், மூச்சிறைப்பு. வார்டில் சேர்த்து ஆன்டிபயாடிக் போட்டார்கள். மூக்குக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குழாய் மூக்கிலிருந்து வெளியே வரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ஊற்றும்போது உட்கார்ந்த நிலையில் இருக்கட்டும், ஊற்றிய பிறகும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் படுக்க விடாதீர்கள்.

அது தெளிந்ததும், இனி வயிற்றில் நேராகக் குழாய் வைப்பதே நல்லது என்றார் மருத்துவர். வயிற்றின் மேல் சிறு துளை போட்டு இரைப்பைக்குள் குழாயை விடுவார்கள். அது நழுவாமல் இருக்க உள்முனையில் ஒரு குட்டி பலூன். பலூனுக்குள் தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். அதனால் குழாயின் வெளிமுனையில் இரண்டு வாய்கள் இருக்கும். பெரிய வாய் சாப்பாட்டுக்கு. பக்கத்தில் இருக்கும் சின்ன வாய் பலூனுக்கு. சின்ன வாயை வீட்டில் யாரும் தொடக் கூடாது.

அத்தா முடியாது என்றுவிட்டார். மூக்கில் இருப்பது காய்ச்சல் மாதிரி, வந்தது போய்விடும். வயிற்றில் ஓட்டை போட்டால் மனுசன் முடிந்தான் என்பது அவர் கணக்கு. வருசா வருசம் ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கூட்டத்துக்கு அத்தாதான் தலைவர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எல்லா வீட்டிலிருந்தும், இந்துக்கள் வீட்டிலிருந்தும், தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். அகப்பை அவர் கையில் இருக்கும். ஊருக்கே ஊற்றிய ஆளுக்குப் புனல் வைத்து ஊற்றுவதா என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரை இணங்க வைத்தது நான் இல்லை, மருத்துவரும் இல்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் காலே வைத்ததில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "நான் பிஸ்மி சொல்லி ஊத்துறேன். வாய் வழியாப் போனா என்ன, வயித்து வழியாப் போனா என்ன? ஹலாலானது உள்ள போவுது. பேசாமப் படுங்க."

படுத்தார். குழாய் வைத்தார்கள்.

அம்மா சொன்னதைச் செய்தார். ஒவ்வொரு முறையும் இறைவன் பெயரை, பிஸ்மியை, சொல்லித்தான் ஊற்றினார். எங்கள் வீட்டில் விசேஷ நாட்களில் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். குழாய் வந்த பிறகு தினமும் அப்படியே உட்கார வைத்தார் அம்மா. எங்களுக்குச் சகன், அத்தாவுக்குப் புனல். அவர் தனியாக, திரைக்குப் பின்னால் சாப்பிட ஒரு நாளும் விடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

குழாய் சும்மா இருக்காது. துளையைச் சுற்றி இரைப்பை நீர் கசிந்து தோல் வெந்துபோனது. சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி துடைத்து, உலர்த்தி, துத்தநாகக் களிம்பு தடவினோம். ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்தது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது புற்று இல்லை, உடம்பு புண்ணை மூடப் பார்க்கும் வேகம்தான். மருந்துக் குச்சியால் தொட்டுக் கரைத்தார்கள். மாத்திரையை நன்றாகப் பொடிக்காமல் ஊற்றியதால் ஒரு முறை அடைத்தது. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து மெதுவாகத் தள்ளுவது, மெதுவாக இழுப்பது. பொறுமைதான் மருந்து.

இத்தனை பாடும் எதற்கு என்று தஞ்சாவூரில்தான் முழுதாகப் புரிந்தது. கதிர்வீச்சுக்கு முன் வலைபோன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி அத்தாவின் முகத்தில் அழுத்தி அச்சு எடுத்தார்கள். ஆறியதும் அது அவர் முகமாகவே நின்றது. தினமும் அந்த முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டித்தான் கதிர் செலுத்துவார்கள், தலை அசையக் கூடாது என்பதற்காக. இயந்திரத்தை இயக்கும் தம்பி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "எடை குறைஞ்சா கன்னம் ஒட்டும், முகமூடி ஆடும். ஆடினா புதுசா செய்யணும், மறுபடி கணக்குப் போடணும், நாள் தள்ளிப் போகும். இந்த வைத்தியத்துல நடுவுல இடைவெளி விழக் கூடாதுக்கா. நோய்க்கு மூச்சு விட நேரம் குடுத்த மாதிரி ஆயிடும்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். கடைசி நாள்வரை முகமூடி ஆடக் கூடாது. முகமூடி நிற்பது கன்னத்தில், கன்னம் நிற்பது குழாயில். தினமும் அத்தா உள்ளே போகும்போது, அந்தத் தம்பி முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். கதவு மூடும்வரை நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கடைசி வாரங்களில் ரமலான் வந்தது. சனியும் ஞாயிறும் கதிர்வீச்சு கிடையாது. ஊருக்குப் போய்ப் பள்ளிவாசல் பாங்கைக் கேட்டுவிட்டு வரலாம் என்று அத்தா ஆசைப்பட்டார். போனோம். வாடகைக்கு எடுத்திருந்த தஞ்சாவூர் அறையை விட்டு நாங்கள் எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தது அன்றுதான்.

சனிக்கிழமை பள்ளிவாசலில் அஸர் முடிந்ததும் சின்னத்தா தூக்குவாளி நிறையக் கஞ்சி கொண்டுவந்தார். மூடியைத் திறந்தார். பூண்டு, வெந்தயம், புதினா, தேங்காய்ப்பால். அத்தா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். நோன்பு வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சுகிறவர்கள் ருசி பார்க்க முடியாது. ஆவியை மூக்கில் ஏற்றித்தான் உப்பு சொல்வார்கள். அதில் அத்தாவை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை.

"உப்புத் தூக்கல்" என்றார். கதிர் பட்டுக் குரல் காற்றாகப் போயிருந்தது. "எனக்கும் ஊத்து."

அம்மாவால் மறுக்க முடியவில்லை. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, அதனால் அப்போதே கொடுக்கலாம். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினார். எனக்கும் அது தண்ணீராகத்தான் தெரிந்தது. பிஸ்மி சொல்லி ஊற்றினார். பாதி இறங்கியது. அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. பிறகு புனலில் கஞ்சி அப்படியே நின்றுவிட்டது. நோன்புக் கஞ்சி ஆற ஆற இறுகும், வெந்தயம் பசையாகும். சட்டியில் நடப்பது குழாய்க்குள்ளும் நடக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஏற்றி, ஊறட்டும் என்று குழாயை மூடிவிட்டு, நான் இன்னும் தொழாத அஸரைத் தொழ உள் அறைக்குப் போனேன். சின்னத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கடைக்கு ஓடிப் பன்னீர் சோடா வாங்கிவந்தார், ஊற்றினால் அடைப்பு கரையும் என்று. அம்மா அதைத் தடுத்துவிட்டார். அப்போதுதான் சின்னத்தாவின் கண்ணில் அந்தச் சின்ன வாய் பட்டிருக்கிறது. மருந்து சிரிஞ்சை அதில் பொருத்தி இழுத்தார். தெளிந்த தண்ணீர் வந்தது.

"மைனி, தண்ணி வருது! அடைப்பு விட்டுருச்சு!"

நான் தொழுகை முடிய ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது கேட்டது அந்தச் சந்தோஷக் குரல்தான். வந்து பார்த்தேன். சிரிஞ்சில் இருந்தது பலூன் தண்ணீர். அத்தா ஒரு இருமல் இருமினார். குழாய் முழுதாக நழுவிச் சின்னத்தாவின் கையில் விழுந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சுத்தமான பஞ்சுத் துணியை மடித்துத் துளையின் மேல் வைத்து ஒட்டினேன். நழுவிய குழாயை ஒரு கவரில் போட்டேன். அதை வீட்டில் திரும்ப நுழைக்கப் பார்க்கக் கூடாது, ஆனால் தூக்கி எறியவும் கூடாது. சிஸ்டருக்கு போன் செய்தேன். குழி சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், தஞ்சாவூர்வரை வராதீர்கள், புதுக்கோட்டைக்கு இப்போதே கிளம்புங்கள் என்றார்.

அத்தாவின் மீன் லோடு ஓட்டும் செல்வம் அண்ணன் எங்கிருந்தோ ஒரு காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அரிமளம் தாண்டும்போது நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் ஆகிவிட்டது. செல்வம் அண்ணன் வண்டியை ஓரம்கட்டித் தன் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். நானும் அம்மாவும் நோன்பு திறந்தோம். சின்னத்தா பாட்டிலை வாங்கவில்லை. முன்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டே முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தட்டினார்.

"நோம்பத் தொறடா. நீயும் மயங்கி விழுந்தா ரெண்டு பேரையும் இந்தப் புள்ள ஒருத்தியாத் தூக்க முடியாது."

சின்னத்தா அழுதுகொண்டே குடித்தார்.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் துணியை விலக்கிப் பார்த்தார். குழி பாதியாகச் சுருங்கியிருந்தது. குழாய் வைத்து இரண்டு மாதம் தாண்டியதால் உள்பாதை ஆறிப் பலமாக இருந்தது. அது எங்கள் நல்ல நேரம். பழைய அளவு குழாய் நுழையவில்லை. மெல்லிய மிருதுவான குழாய் ஒன்றை வைத்து முதலில் வழியை மூடவிடாமல் பிடித்தார். காலையில் கொஞ்சம் பெரிதாக்கிச் சரியான குழாயை வைத்து, சாயம் ஊற்றி எக்ஸ்ரே எடுத்து, அது இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே சாப்பாடு என்றார். அதுவரை நரம்பில் குளுக்கோஸ். நான் கவரில் இருந்த குழாயை நீட்டினேன். அளவு அதில் அச்சாகியிருந்தது.

"நீங்க நர்ஸா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் படுத்திருந்த அத்தா அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்: "டீச்சரு. எம்மக."

எத்தனையோ சான்றிதழ்களை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்கு எதுவும் ஈடு இல்லை.

ஞாயிறு பிற்பகலில் சாப்பாடு மறுபடி இறங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக. அம்மா பருப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, இறுகுகிறதா என்று காத்திருந்து பார்த்த பிறகே ஊற்றினார். திங்கட்கிழமை விடிந்ததும் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். அத்தா மேசையில் படுத்தார். முகமூடியை மாட்டிப் பூட்டினார்கள். அந்தத் தம்பி வழக்கம்போல ஓரத்தில் விரலை வைத்தார். விரல் நுழையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆடலக்கா."

ஒரு நாளும் தவறாமல் கதிர்வீச்சு முடிந்தது. நோன்புப் பெருநாளைக்கு முன்பே வீட்டுக்கு வந்தோம். சின்னத்தாவைக் குழாய்ப் பக்கம் விடுவதில்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அவர் சிஸ்டரிடம் போய் முதலிலிருந்து கற்றுக்கொண்டு வந்து நின்றார். அதன்பின் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் கருத்தாகப் பார்த்துக்கொண்டார். குழாயின் சின்ன வாயில் சிவப்பு நூல் கட்டி வைத்ததும் அவர்தான். இப்போது போனில் கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் அந்தச் சிவப்பு நூலைச் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை. இன்னும் பல வருடம் சோதனைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும், ஆனால் தெரியவில்லை. விழுங்குவதற்கு வேறு பயிற்சி. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, ஒரு கரண்டி, பிறகு இரண்டு கரண்டி. சிறு பிள்ளைபோல மறுபடி கற்றுக்கொண்டார். வாயால் சாப்பிட்டே எடை நிற்கிறது என்று தெரிந்த பிறகு குழாயை எடுத்தார்கள். எடுத்தவுடன் அத்தா குனிந்து பார்த்துச் சொன்னார்: "இன்னொரு தொப்புளாப் போச்சு."

இந்த வருட ரமலானில் முதல் நாள் பள்ளிவாசல் பின்கட்டுக்கு அவரை நானும் சின்னத்தாவும் அழைத்துப் போனோம். வாய் வறண்டுபோவதால் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், நோன்பு வைக்க வேண்டாம் என்பது மருத்துவர் சொல். அண்டாவைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நோன்பாளிகள். ருசி பார்க்க அனுமதி உள்ள ஆள் அத்தா ஒருவர்தான். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு ரமலான் இதுவே முதல் தடவை. ஒருவர் கிண்ணத்தில் கஞ்சி எடுத்து நீட்டினார். அத்தா ஆற்றி, தாடையைத் தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கினார். எல்லோரும் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பே இல்லையேப்பா" என்றார்.

உப்புப் போட்ட பையனின் முகம் விழுந்தது. அளந்துதான் போட்டேன் என்றான். எனக்குப் புரிந்தது. கதிர்வீச்சு நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விடும், திரும்பி வர நாளாகும், சிலருக்கு முழுதாக வராது. அத்தாவுக்கும் அது தெரியும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்டாவின் மேல் குனிந்து, கண்ணை மூடி ஆவியை இழுத்தார்.

"இருக்கு. சரியா இருக்கு" என்றார். "நாக்குதான் இன்னும் தஞ்சாவூர்லேருந்து வரல."

சிரிப்பு அடங்குவதற்குள் அத்தா கையை நீட்டினார். சின்னத்தா அகப்பையை அதில் கொடுத்தார்.